விலை வைத்தது யார்? – அத்தியாயம் 17

டெலிபோனை எடுப்பதும் வைப்பதுமாகவே நோரீன் கேரோவுக்கு அன்றைக்குப் பொழுது விடிந்தது.

எடுத்து யாரைக் கூப்பிட? ஸியாட்டிலில் இருக்கும் ஒரே பிள்ளை டெஸ்மண்டைத்தான். ஆனால் கூப்பிடக் கூடாது. வக்கீல் பெல்லமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உங்க பையன் எதிராளி கடையில வேலை பார்க்கிறார். நீங்க சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் அவரோட ஒரு வார்த்தை வேணாம். பிறந்தநாள் வாழ்த்துகூட வேணாம்."

கணவன் ஹியூ போன பிறகு நோரீனுக்கு வாய்த்திருந்த பேச்சுத்துணை என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டெஸ் கூப்பிடுவது ஒன்றுதான். என்ன சூப் வைத்தாய், பெண்டாட்டி இங்க்ரிட்டுக்குக் கால் வீங்குகிறது, மேனேஜர் ஒரு மடையன். இவ்வளவுதான் பேச்சு. அதுவும் நின்ற பிறகு வீட்டில் ரேடியோ மட்டும் பேசுகிறது. நேற்று அதற்கே இவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டுத் தனக்கே வெட்கமாகி, அதை அணைத்தும் வைத்தாள்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. கேரோ பதிப்பகம் ஹியூவின் அப்பா நியூயார்க்கில் தொடங்கியது. இப்போது அதன் தலைவர் ஹியூவின் தம்பி எவரெட். விற்பனையும் விலையும் நோரீன் பொறுப்பு. டெஸ் வேலை பார்க்கும் லாண்டர்ன் என்ற இணையக் கடை, எந்த மின்புத்தகமானாலும் பத்து டாலருக்கு ஒரு சென்ட் குறைத்து விற்றது. கைக்காசைப் போட்டு நஷ்டத்துக்கு விற்றது. தன் வாசிப்புக் கருவி வீட்டுக்கு வீடு போய்ச் சேரவேண்டும் என்ற கணக்கு. புத்தகம் என்றால் பத்து டாலர்தான் என்று ஜனங்கள் பழகிவிட்டால் நம் கதி என்ன என்று பதிப்பாளர்கள் பயந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்து பதிப்பகங்கள் ஒரே வாரத்தில் எழுந்து நின்று, "இனி விலை நாங்கள் வைப்போம், உனக்குக் கமிஷன் மட்டும்" என்றன. லாண்டர்ன் கோபித்துக்கொண்டு கேரோ புத்தகங்களின் 'வாங்கு' பொத்தானையே பிடுங்கி எறிந்து பார்த்தது. பிறகு வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டது.

அவரவர் புத்தகத்துக்கு அவரவர் விலை வைத்தால் வியாபாரம். ஐந்து பேர் உட்கார்ந்து பேசி ஒரே விலை வைத்தால் குற்றம். பேசினார்களா இல்லையா? அரசாங்கம் இன்று நோரீனைக் கூப்பிட்டுக் கேட்கப்போவது அதைத்தான்.

பேசினார்கள். நோரீன் அந்த மேஜையில் இருந்தாள்.

வாசலில் எவரெட்டின் கார் நின்றது. எவரெட்டும் உள்ளே இருந்தான். அவள் எதிர்பார்க்கவில்லை.

"நாம பேசிக்கக் கூடாதுன்னு உன் வக்கீல் சொல்லலையா?" என்றாள், ஏறி உட்கார்ந்தபடி.

"சொன்னான். அண்ணன் பெண்டாட்டியைக் காரில ஏத்திக்கக் கூடாதுன்னு சொல்லல."

தெருவில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. எவரெட் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ராத்திரி தூங்கினியா?"

"நீ தூங்கவிடற மாதிரியா வேலை வச்சிருக்கே? நீ என்ன சொல்லப் போறே எவரெட்? உன்னை எப்பக் கூப்பிட்டிருக்காங்க?"

"என் முறை வரும்போது பார்த்துக்கலாம். நீ உன்னைப் பாரு." குரலைத் தாழ்த்தினான். "அந்த டின்னரைப் பத்திக் கேப்பாங்க. ஞாபகமில்லைன்னு சொல்லு. அவ்வளவுதான். ரெண்டு வருஷம் ஆச்சு. அறுபத்தோரு வயசுல மறதி வந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"என் மறதியை நம்பித்தான் உங்கப்பா பதிப்பகம் நிக்குதாக்கும்?"

எவரெட் சிரிக்கவில்லை. அவனிடம் தமாஷ் பண்ணுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நோரீனுக்கு அது பழகிப்போன சங்கதி.

"மத்த நாலு பேரும் அப்படி ஒரு பேச்சே நடக்கலன்னு சாதிக்கிறாங்க," என்றான். "நீ ஒருத்தி ஆமான்னா ஹியூ உழைச்ச இடம் இழுத்து மூடப்படும். முன்னூறு பேர் தெருவுக்கு வருவாங்க. நினைச்சுக்க."

ஹியூவின் பேரை எடுத்ததும் அவளுக்கு மனம் இளகிவிட்டது. அது அவனுக்குத் தெரியும். சரி, ஞாபகமில்லை என்றே சொல்லிவிடலாம் என்று, கார் நிற்பதற்குள் அவள் முக்கால்வாசி முடிவுக்கு வந்திருந்தாள்.

அவளுக்கு என்று தனி வக்கீல் வைத்துக் கொடுத்ததும் எவரெட்தான். "ஆளுக்கொரு வக்கீல் இருக்கட்டும், உனக்குப் பாதுகாப்பு" என்றான். மச்சினனின் கரிசனம் என்று இவள் நன்றிகூடச் சொல்லியிருந்தாள்.

அரசாங்க வக்கீல் ஒரு மெலிந்த பெண். பெயர் ஆட்லர். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு யாராவது சூடாக எதையாவது கொடுக்கக் கூடாதா என்று நோரீனுக்குத் தோன்றியது. பழக்க தோஷம்.

அது கோர்ட் அல்ல, வழக்குக்கு முன்னால் சாட்சியைப் பதிவு செய்யும் அலுவலக அறை. ஆனாலும் கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்கினார்கள். பக்கத்தில் பெல்லமி. எதிரே, பேச்சையெல்லாம் தட்டச்சு செய்கிற பெண்.

முதல் ஒரு மணி நேரம் சப்பென்று போயிற்று. எத்தனை வருஷமாக வேலை, விலையை யார் முடிவு செய்வார்கள், புதுப் புத்தகங்கள் ஏன் செவ்வாய்க்கிழமையே வெளிவருகின்றன. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். மூன்று நாலு முறை "ஞாபகமில்லை"யையும் சொல்லிப் பார்த்தாள். அது நாக்கில் சுலபமாகவே வந்தது.

"அந்த ஜனவரி மாசம் நீங்களும் மிஸ்டர் எவரெட் கேரோவும் ஒரு டின்னருக்குப் போனீங்க. வேற நாலு பதிப்பகத் தலைவர்களும் இருந்தாங்க. சரியா?"

"டின்னர்னா எத்தனையோ போவோம். எங்க தொழில்ல பாதி வேலை சாப்பாட்டு மேஜையிலதான்."

"தரைக்குக் கீழ ஒரு தனி அறை. நினைவு இருக்கா?"

"தெளிவா இல்ல."

ஆட்லர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவசரமே படவில்லை.

"மெனு கார்டுல மீனுக்கு மட்டும் விலை போடல. 'அன்றைய விலை'ன்னு போட்டிருந்தது. அதைப் பார்த்து நீங்க ஒண்ணு சொன்னீங்க. 'குடுத்து வச்ச மீனு. செத்தப்புறமும் அதுக்கு விலை வைக்கச் சொந்த ஆளுங்க இருக்காங்க. நம்ம புத்தகத்துக்குத்தான் நாதியில்ல.' இப்படிச் சொன்னீங்களா, மிஸஸ் கேரோ?"

மேஜைமேல் இருந்த கையை நோரீன் மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

சொன்னது நிஜம். மேஜையில் சொல்லவில்லை, பெரிய மனிதர்கள் நடுவில் எதற்கு என்று அடக்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் சொன்னாள். டெஸ் அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இருமல் வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வந்து, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேட்டு வாங்கிச் சிரித்தான். அன்று அவள் இன்னும் நிறையச் சொன்னாள். அம்மா பிள்ளையிடம் பேசுவதற்குக் கணக்கா பார்ப்பாள்? அவன் எந்தக் கடையில் வேலை பார்க்கிறான் என்பதே அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை.

அப்படியானால் டெஸ் சொல்லிக் கொடுத்துவிட்டான்.

"பத்து நிமிஷம் ஓய்வு வேணும்," என்றார் பெல்லமி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

பெண்கள் கழிவறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. இந்த உலகத்தில் தன்னுடைய ஆள் என்று யாருமே இல்லை என்பது அந்த நிமிஷம் அவளுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. பெற்ற பிள்ளை, தான் சிரிப்பதற்காகச் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட விட்டுவைக்காமல் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறான்.

"பாவி," என்று வாய்விட்டுச் சொன்னாள். உடனே மனசு அவன் கட்சிக்குத் தாவியது. அவன்தான் என்ன செய்வான்? முதலாளி கழுத்தைப் பிடித்திருப்பான். இங்க்ரிட் ஏழு மாசம். இந்த நேரத்தில் வேலை போனால் பிரசவத்துக்கு இன்சூரன்ஸ் உண்டா? சத்தியம் செய்துவிட்டுச் சொன்னானோ என்னவோ. தான் இப்போது போய் ஞாபகமில்லை என்றால், ஒன்று அவள் பொய், இல்லை அவன் பொய். ஹியூவின் பதிப்பகம் ஒரு பக்கம். ஹியூவின் பிள்ளை ஒரு பக்கம்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். யோசிக்க அவளுக்கு அதற்குமேல் எதுவும் இருக்கவில்லை.

"கேள்வியைத் திரும்பப் படிக்கணுமா?" என்றாள் ஆட்லர்.

"வேணாம். சொன்னேன். அந்த மீனைப் பத்திச் சொன்னது நான்தான்."

"அன்னிக்கு அந்த மேஜையில மின்புத்தக விலையைப் பத்திப் பேச்சு வந்ததா?"

"வந்தது."

"அஞ்சு பேரும் ஒரு விலைக்கு ஒத்துக்கிட்டாங்களா?"

"ஆமா. பன்னிரண்டு டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட். சூப்புக்கும் மீனுக்கும் நடுவுல. யாரும் கையைத் தூக்கல, தலையை ஆட்டினாங்க, அவ்வளவுதான். முன்னாடி சொன்ன 'ஞாபகமில்லை' எல்லாத்தையும் அழிச்சுடுங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

பெல்லமி கண்ணை மூடிக்கொண்டார். தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் மட்டும் ஓடின.

"இன்னிக்கு இது போதும்," என்றாள் ஆட்லர். "அந்த விலையை முதல்ல வாயால சொன்னது யாருன்னு நாளைக்குக் காலையில கேக்கறேன்."

அவளுக்கு மனம் லேசாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு சாண்ட்விச்சைப் பிரித்து, கடிக்க மனமில்லாமல் நோரீன் அப்படியே வைத்திருந்தாள். டெலிபோனில் யாருடனோ பேசிவிட்டு பெல்லமி சின்ன அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார்.

"மிஸஸ் கேரோ, இது எனக்கே இப்பதான் தெரிஞ்சது. உங்க மச்சினர் அரசாங்கத்தோட சமாதானம் ஆயிட்டார். போன வாரமே கையெழுத்துப் போட்டாச்சு. வாக்குமூலமும் குடுத்துட்டார்."

"எவரெட்டா? காலையிலதானே என்கிட்ட..."

"உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"ஞாபகமில்லைன்னு சொல்லச் சொன்னான்."

பெல்லமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நல்ல மனுஷர். வேறு நாளாக இருந்திருந்தால் எவரெட்டை நாலு வார்த்தை திட்டியிருப்பார்.

"நீங்க அப்படிச் சொல்லியிருந்தா பொய்ச் சாட்சின்னு ஆகியிருக்கும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் செல்லாது. அவருக்கு அதுதான் வேணும். ஏன்னா அவர் வாக்குமூலத்துல, பன்னிரண்டு தொண்ணூற்றொன்பதுங்கற எண்ணைச் சொன்னதே நீங்கதான்னு சொல்லியிருக்கார். அண்ணி தன் இஷ்டத்துக்குப் பேசிட்டாங்க, பதிப்பகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு."

"அந்த எண்ணைச் சொன்னவன் அவன். நான் சூப் குடிச்சிட்டு இருந்தேன்!"

"நான் நம்பறேன். நாளைக்கு ஆட்லர் நம்பணுமே. அவர் வார்த்தைக்கு எதிரா உங்க வார்த்தை. மத்த நாலு பேரும் பேச்சே நடக்கலங்கறாங்க, அவங்களால உபயோகமில்ல. பதிப்பகம் தப்பிச்சுடும். வேலை, பேரு, வழக்கு எல்லாம் உங்க ஒருத்தர் தலையில வந்து விழும்." பெல்லமி அவள் முன்னால் குனிந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த எண்ணைச் சொன்னது எவரெட்னு அந்தச் சமயத்துலயே நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

நோரீன் அவர் பேசியதைப் பாதிதான் கேட்டாள். அவள் நினைப்பு வேறு இடத்தில் இருந்தது. அந்த டின்னர் முடிந்து வெளியே வந்தபோது, கொடுத்து வைத்த கோட்டைத் திரும்ப வாங்கும் இடத்தில் எவரெட் கையை நுழைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். இவள் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு, மீன் விஷயத்தை அவன் காதில் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காத ஆளிடம் சொன்னதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? அவளும் வைத்துக்கொள்ளவில்லை.

டெஸ் சொல்லவில்லை.

"மிஸஸ் கேரோ? யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஒருத்தன்கிட்ட சொன்னேன்," என்றாள். "என் பையன்கிட்ட."

பெல்லமிக்கு உயிர் வந்தது. "அப்ப கூப்பிடுங்க. நீங்க சாட்சி சொன்னதைப் பத்தியோ, அவர் என்ன சொல்லணும்னோ ஒரு வார்த்தை பேசாதீங்க. வந்து சாட்சி சொல்வாரான்னு மட்டும் கேளுங்க. நான் வெளியில நிக்கறேன்."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மா? நீ கூப்பிடலாமா இப்ப?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "கூப்பிடலாமாம். என்னடா, வேலை நேரத்துல உடனே எடுக்கறே? ஆபீஸ்ல இல்லையா?"

"தொட்டிலுக்கு பெயிண்ட் அடிச்சிட்டு இருக்கேன்." கொஞ்சம் தயங்கினான். "வேலையை விட்டுட்டேன்மா. மூணு வாரம் ஆச்சு."

"விட்டுட்டியா? எதுக்கு?"

"உங்கம்மா ஞாயிற்றுக்கிழமை பேசறதையெல்லாம் எழுதிக் குடுன்னான் மேனேஜர். கம்பெனி வக்கீலும் கூட உக்காந்துக்கிட்டு. எங்கம்மா சூப்பைப் பத்தித்தான் பேசுவாங்கன்னேன். எழுதிக் குடுத்தா பெரிய பதவி, இல்லைன்னா யோசிச்சுப் பாருன்னான். யோசிக்கவே இல்ல, ஆபீஸ் அடையாள அட்டையைக் கழட்டி மேஜையில வச்சிட்டு வந்துட்டேன். உன்கிட்ட சொல்லலாம்னா பேசக் கூடாது. பேசினா ரெண்டு பேரும் கதை ஜோடிச்சோம்பாங்க. இங்க்ரிட் வேலை பார்க்கிற ஸ்கூல்ல இன்சூரன்ஸ் இருக்கு, கவலைப்படாதே. சமாளிச்சிடுவோம்."

நோரீன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, நீ என்ன சொன்னே? ஞாபகமில்லைன்னு சொல்லிட்டு வந்துட்டியா? அவங்ககிட்ட ஒண்ணுமே கிடையாதும்மா. நான் வாயைத் திறக்கல."

சாட்சியைப் பற்றிப் பேசாதே என்று பெல்லமி சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்லாமல் இருப்பது?

"ஆமான்னு சொல்லிட்டேன் டெஸ். அந்த மீன் சமாச்சாரத்தைக் கேட்டாங்க. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே கேட்டாங்க. உங்க சித்தப்பா போய்ச் சொல்லியிருக்கான். அது எனக்கு அப்பத் தெரியாது."

அந்தப் பக்கம் டப்பாவில் ஏதோ தட்டும் சத்தம். தூரிகையைக் கீழே வைத்திருப்பான்.

"அப்பத் தெரியாதுன்னா... நான்தான் சொன்னேன்னு நினைச்சியா?"

இல்லை என்று சொல்லலாம். டெலிபோனில் யாரும் சத்தியம் கேட்கவில்லை.

"நினைச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"காலையிலேர்ந்து. இப்பக் கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும்." அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள். "நான் இல்லைன்னு சொன்னா நீ பொய் சொன்னவனா ஆயிடுவியேன்னுதான் ஆமான்னேன். கோவத்துல சொல்லல கண்ணா."

"சரிம்மா."

"டெஸ்."

"சரின்னு சொல்றேன் இல்ல." அவன் குரல் மரியாதையாகிவிட்டது. சின்ன வயதில் அடிபட்டால்கூட அழாமல், இப்படித்தான் ஒதுங்கிப் போவான். "வேற ஏதாவது விஷயம் இருக்கா? உன் குரலே சரியில்ல."

கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெல்லமி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். இன்று ராத்திரி விமானத்திலேயே ஏறிவிடுவான், அவளுக்குத் தெரியும். வந்து உட்கார்ந்தால் எவரெட் பெயரை மட்டும் கேட்டுவிட்டு விடமாட்டார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாகத் தோண்டுவார்கள். அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்றுதான் அவன் வேலையை உதறியிருக்கிறான்.

"ஒண்ணுமில்லடா. உன் குரலைக் கேக்கணும்னு இருந்தது. இங்க்ரிட்டுக்குக் கால் வீக்கம் குறைஞ்சுதா?"

"குறையல. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க."

"தலகாணி வச்சு உசரமா வச்சுக்கச் சொல்லு."

"சொல்றேன்."

அவன்தான் முதலில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெல்லமி ஆவலாக உள்ளே வந்தார். "என்ன சொன்னார்? வர்றாரா?"

"கேக்கல."

"மிஸஸ் கேரோ! அவர் ஒருத்தர்தான் உங்களுக்கு இருக்கார். நாளைக்குக் காலையில நீங்க தனியா உக்காந்து..."

"தெரியும்." நோரீன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு கை நுழைய மறுத்தது. பெல்லமி பிடிக்க வந்தார், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தானே நுழைத்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து என் பிள்ளைதான் என்னைக் காட்டிக் குடுத்தவன்னு நினைச்சிட்டு இருந்தேன், மிஸ்டர் பெல்லமி. இப்ப எந்த முகத்தை வச்சிக்கிட்டு, வந்து என்னைக் காப்பாத்துடான்னு கேக்கச் சொல்றீங்க?"